மூன்று மணிக்கு அறுகிற இணைப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அறுந்தது. மதியம் மூன்று ஏழுக்கு.

தபால் அலுவலகத்தில் ஒரு தச்சர், தன் பார்சல் எங்கே போனதென்று கேட்டுக்கொண்டிருந்தார். காது கேளாதவர். அவருடைய சைகையை நான் குரலாக்கி அதிகாரிக்குச் சொல்ல வேண்டும், அதிகாரியின் பதிலைச் சைகையாக்கி அவருக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்து, கணினித் திரை வழியாக. பதினோரு வருடமாக இதுதான் என் வேலை. தச்சர் ‘பெட்டிக்குள்ளே’ என்று காட்டக் கையைத் தூக்கியவர், தூக்கிய கையோடு அப்படியே உறைந்து நின்றார். பிறகு திரை கறுத்துவிட்டது.

ஒன்றரை நிமிடம் கழித்து வைஃபை தானாகத் திரும்பி வந்தது, பாலைக் குடித்துவிட்டு மீசையை நக்கிக்கொண்டு வருகிற பூனை மாதிரி. தச்சரை அதற்குள் வேறு ஒரு மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் நான்கு முறை. இந்த வாரம் இரண்டாவது நாளே மூன்றாவது முறை. தானாக அறுகிறதா? அறுக்கிறார்களா?

இனி மணி பார்த்துக் குறித்துவைப்பேன்.

மார்ச் 5, புதன்

என் கணினி அலுவலகம் கொடுத்த பழைய பெட்டி. லினக்ஸ் இயங்குதளம் போட்டது. வைஃபை ரூட்டர் கூடத்தில் இருக்கிறது, என் அறை கடைசியில். கம்பி இழுத்துவிட்டால் தொல்லை விட்டது; ஆனால் சுவரில் ஆணி அடிக்கவே வீட்டு உரிமையாளரிடம் மனு போட வேண்டும்.

முதல் சந்தேகம் மாடி வீட்டு வயலின் வாத்தியார் மேல். மழைக்காலத்தில் ஒருநாள், “ஒரே ஒரு நாளைக்கு மட்டும்” என்று பாஸ்வேர்டு வாங்கிப்போனார். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை என்றே நினைக்கிறேன். இன்று மாற்றிவிட்டேன். பதினான்கு எழுத்து. இப்போது அது தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இருவர்தான், நானும் என் தங்கை சின்னவளும். சின்னவளுக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மாலையில் படிக்கட்டில் வாத்தியார் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். நெட் போன சிரிப்பு.

மார்ச் 6, வியாழன்

பாஸ்வேர்டு மாற்றியும் மூன்று முறை. 2.50, 3.20, 4.05. முன்னைவிட மோசம். வாத்தியார் நிரபராதி.

அப்படியென்றால் மீதி யார்?

மார்ச் 7, வெள்ளி

அலுவலகத்தின் கணினி நிபுணரைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் “பொறுமை, பொறுமை” என்று தொடங்குவார். அதனால் எங்களுக்கெல்லாம் அவர் பெயரே பொறுமை. இரண்டு காரியம் செய்யச் சொன்னார். ஒன்று, வைஃபை அட்டை மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடுகிற அமைப்பு ஒன்று உண்டாம். அதை அணைக்க வேண்டும். அணைத்தேன். இரண்டாவது, டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் ஒரு கட்டளை. அது வினாடிக்கு ஒருமுறை ரூட்டரை ‘இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அறுகிற நேரத்தில் ரூட்டர் பதில் சொல்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

மூன்று பன்னிரண்டுக்கு அறுந்தது. ரூட்டரிடமிருந்து பதிலே இல்லை.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். “அப்ப வெளிய லைன்ல கோளாறு இல்லம்மா. வீட்டுக்குள்ளதான்” என்றார்.

வீட்டுக்குள்ளதான்.

சின்னவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கடை இந்தப் பக்கம் மாறியதால் ஜனவரிக் கடைசியில் பெட்டியோடு வந்தாள். “ரெண்டே மாசம் அக்கா” என்றாள். காலையில் போய் இரண்டு மணிக்கு வருவாள், சாப்பிடுவாள், இரண்டே முக்காலுக்குத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் வருவதற்கு முன் ஒருநாளும் அறுந்ததில்லை. எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

மார்ச் 8, சனி

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திரையில் திறந்தேன். எந்தச் சாதனம் எப்போது, எவ்வளவு இழுக்கிறது என்று அங்கே பட்டியல் உண்டு. சின்னவளின் போன் தினமும் மூன்றிலிருந்து மூன்றே முக்கால் வரை. பாட்டுக் கேட்கிற அளவு இல்லை. வீடியோ. போவதும் வருவதும் சமமாக. அதாவது பார்ப்பது மட்டுமல்ல, இங்கிருந்தும் படம் போகிறது.

துணி மடிக்கிற சாக்கில் கதவுக்கு வெளியே நின்றேன். பேச்சுச் சத்தமே இல்லை. ஒரு சிரிப்பு, ஒரு ‘ம்’ கூட இல்லை. முக்கால் மணி நேரம் யாரோடு வாய் திறக்காமல் பேசுவாள்?

வாய் திறக்காத பேச்சு என்றால் சைகை. எங்கள் அப்பா அம்மா இருவரும் காது கேளாதவர்கள். நடக்கப் பழகும் முன் நாங்கள் இருவரும் பழகியது அதைத்தான். அம்மா போய் ஏழு வருடம். அப்பாவைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அப்படியானால் சைகையில் யாரோடு? ஒருவேளை... எங்கள் அலுவலகத்தோடா?

மார்ச் 10, திங்கள்

சந்தேகத்துக்குக் கை கால் முளைத்துவிட்டது.

எங்கள் மேற்பார்வையாளர் அம்மா காலையில் அழைத்தார். துண்டிப்பு அதிகமாகிறது, வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள் என்று அவருடைய வழக்கமான இனிப்பில் ஆரம்பித்து, கடைசியில், “ஆமா, உங்க தங்கச்சிக்கும் சைகை நல்லா வருமாமே?” என்றார். யார் சொன்னதென்று கேட்டேன். “எங்கேயோ பார்த்த ஞாபகம்” என்று மழுப்பினார்.

எங்கேயோ! எங்கே பார்த்திருப்பார்? மூன்று மணிக்கு, திரையில்தானே?

என் இணைப்பு அறுகிறது. என் மேல் புகார் ஏறுகிறது. பக்கத்து அறையில் அதே வேலை தெரிந்த ஒருத்தி சத்தமில்லாமல் வேலைக்கான சோதனை கொடுக்கிறாள். இதைக் கோக்க ஊசி வேண்டுமா என்ன.

மதியம் சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்த்தேன். “என்னக்கா, பல்லுல ஏதாவது ஒட்டிட்டிருக்கா?” என்றாள். நடிப்பாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்



மருத்துவமனை அழைப்பு. செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், இதய மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் இரண்டு மாத்திரை அட்டைகளைத் தூக்கிக் காட்டினார். “வெள்ளை மாத்திரையை இன்னையோட நிறுத்திடணும், மஞ்சளைக் காலையில ஒண்ணு” என்றார். நான் ‘வெள்ளை மாத்திரை’ என்று கையில் காட்டிவிட்டேன். ‘நிறுத்து’ காட்டுவதற்குள் அறுந்தது.

மூன்று பதினாறு. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. ரூட்டரை ஓடிப்போய் அணைத்துப் போட்டேன், கணினியைக் குலுக்காத குறை. திரும்ப வந்தபோது அறையில் நாற்காலி மட்டும் இருந்தது. நர்ஸ் சொன்னாள், டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டாராம், அந்தம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டதாம்.

தலையாட்டினாளாம்! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் தலையாட்டுவார்கள், எனக்கில்லையா தெரியும்? அப்பா வாழ்க்கை முழுக்க மருத்துவர்கள் முன்னால் தலையாட்டியவர். அவள் கடைசியாகப் பார்த்தது ‘வெள்ளை மாத்திரை’. அவ்வளவுதான். அதையே போட்டுக்கிட்டே இருந்தா?

மேற்பார்வையாளர் அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்வதாகச் சொன்னார். பிறகு, இன்னும் ஒருமுறை இப்படி நடந்தால் மருத்துவ அழைப்புகளில் என் பெயர் இருக்காது என்றும் சொன்னார். நியாயம்தான்.

நான் கூடத்துக்கு ஓடியபோது சின்னவளின் கதவு சாத்தியே இருந்தது. வெளியே வந்து என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

கையும் களவுமாக.

லினக்ஸ் எல்லாவற்றையும் எழுதிவைக்கும், நான் இந்த நோட்டில் எழுதுகிற மாதிரி. நேற்று அறுந்த நிமிடத்தை அதன் பதிவேட்டில் தேடினேன். ஒருவழியாக ஒரு வரி கிடைத்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது, காரணம் ‘லோக்கல் சாய்ஸ்’ என்றிருக்கிறது. லோக்கல் என்றால் உள்ளூர். சாய்ஸ் என்றால் விருப்பம். இந்த வீட்டுக்குள் இருக்கிற யாரோ விரும்பித் துண்டித்திருக்கிறார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ரூட்டரின் பட்டியலில் அவளுடைய போனுக்கு எதிரே ‘தடு’ என்றொரு பொத்தான். பகல் பதினொன்றுக்கு, அவள் கடையில் இருக்கும்போது, அழுத்தினேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை! இரண்டிலிருந்து ஆறு வரை, பளிங்கு மாதிரி.

நேற்று மதியமே வந்து கேட்டாள், “எனக்கு நெட் வரலக்கா. உனக்கு வருதா?” எனக்கும் விட்டுவிட்டுத்தான் வருகிறது என்றேன். பொய் எவ்வளவு வழவழவென்று வந்தது! அவளுடைய அறையில் செல்போன் சிக்னலும் நிற்காது. இன்று மூன்று மணிக்கு போனைக் கையில் பிடித்துக்கொண்டு கூடம், சமையலறை, குளியலறை என்று நடந்தாள். மூன்றரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். போகட்டும்.

மருத்துவமனையிலிருந்து நல்ல செய்தி. ஆள் போய்ப் பார்த்தபோது அந்தப் பெண் இரண்டு மாத்திரைகளையும் எடுத்துவைத்துக்கொண்டு எது என்று தெரியாமல் இரண்டையுமே போடாமல் உட்கார்ந்திருந்தாளாம். சைகை தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண் வந்து விளக்கினாளாம். பிழைத்தேன். இருவரும் பிழைத்தோம்.

இன்று நன்றாகத் தூங்குவேன்.

மார்ச் 14, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மூன்று மணிக்குச் சின்னவள் மறுபடி வெளியே போனாள். அடுத்த அழைப்பு வரவில்லை, அதனால் ஜன்னலுக்கு வந்தேன். எதிரே பேருந்து நிறுத்தம். அவள் அந்த நீள இருக்கையில் உட்கார்ந்து, கைப்பையின் மேல் போனைச் சாய்த்துவைத்திருந்தாள். இரண்டு கையும் ஓடிக்கொண்டிருந்தன.

சைகையை ஒட்டுக்கேட்கக் காது வேண்டாம். கண் போதும். மூன்று மாடி உயரத்திலிருந்தும் படிக்கலாம்.

முதலில் ஒன்று வித்தியாசமாகப் பட்டது. அவள் கைகள் மிகச் சிறிதாக அசைந்தன. நெஞ்சுக்கு நேரே, ஒரு தட்டு அகலத்துக்குள்ளே. நாங்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சோதனை கொடுக்கிறவள் கையை விரித்துக் காட்டுவாளே தவிர இப்படிக் குறுக்க மாட்டாள்.

பிறகு ‘அப்பா’ என்றாள்.

அப்பாவைப் பற்றி யாரிடமோ சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. ‘அப்பா, தெரியுதா? வெளிச்சம் போதுமா?’ என்றாள். அவரிடமேதான்.

‘இரண்டு நாளாக வீட்டில் இணைப்பு இல்லை.’ பிறகு போனைப் பார்த்தாள். அவர் என்னவோ கேட்டிருக்க வேண்டும். தலையை வேகமாக ஆட்டினாள். ‘இல்லை அப்பா. அக்கா செய்ய மாட்டாள். அவளுக்கும் வருவதில்லை. அவள்தான் பாவம், வேலையே போய்விடும் போலிருக்கிறது.’

பேருந்து வந்து மறைத்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பின்னால் கணினி ‘டிங்’ என்றது. திரும்பிப் பார்த்தேன். மூலையில் வைஃபை குறி இல்லை. அறுந்திருந்தது. மூன்று பத்தொன்பது. அவள் போன் தடையில் இருக்கிறது. அவள் தெருவில் இருக்கிறாள். வீட்டில் என்னைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

தடையை எடுத்துவிட்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

பொறுமையிடம் பதிவேடு முழுவதையும் அனுப்பினேன். ‘லோக்கல் சாய்ஸ்’ பற்றிக் கேட்டேன். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

“பொறுமை, பொறுமை. லோக்கல்னா உங்க வீடு இல்லம்மா. உங்க கம்ப்யூட்டர். யாரும் அதைத் துண்டிக்கல. அதுவா கையை உதறிட்டுப் போயிருக்கு.”

ஏன் உதறுகிறது என்பதற்கும் விடை பதிவேட்டிலேயே இருந்தது. வைஃபையைக் கவனிக்க லினக்ஸில் ஒரு நிரல் உண்டு. ஒன்றுதான் இருக்க வேண்டும். என் பெட்டியில் இரண்டு ஓடுகின்றன. ஒன்று பிடித்துவைத்த இணைப்பை மற்றது பறிக்கும், பறித்ததை இது பிடுங்கும். நான் பாஸ்வேர்டு மாற்றிய பிறகு இரண்டாவதன் கையில் இருந்தது பழைய பாஸ்வேர்டு. அதனால் இன்னும் மூர்க்கமாக இழுத்திருக்கிறது. ஓர் உறையில் இரண்டு கத்தி.

இரண்டாவதைப் போட்டது யார் என்று கேட்டேன். தேதி இருக்கிறது என்றார். பிப்ரவரி 6. அன்று வைஃபை குறி காணாமல் போய், இணையத்தில் யாரோ முகம் தெரியாதவர் எழுதியதை நம்பி, அர்த்தம் தெரியாமல் ஒரு கட்டளையை ஒட்டினேன். குறி வந்தது. சந்தோஷத்தில் மறந்துபோனேன்.

“மொத்தம் நாப்பத்தோரு தடவை அறுந்திருக்கு. காலையிலதான் அதிகம்” என்றார்.

காலையில் நான் கணினி முன்னால் இருப்பதில்லை. என் நோட்டில் பன்னிரண்டுதான். நான் பார்த்தது மட்டும், அவள் வீட்டில் இருந்தபோது மட்டும். பேய் இருக்கிறதென்று முடிவு செய்துவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அந்த நிரலை நீக்கினேன். ஒரே வரிக் கட்டளை.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலைத் தேநீரின்போது, தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும். ரூட்டர் பட்டியல், கதவுக்கு வெளியே நின்றது, தடை போட்டது, ஜன்னல்.

அவள் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. “வேலையைப் பறிக்க வந்தேன்னா நினைச்ச?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அம்மா போன மறுவருடமே அப்பா தன் அச்சகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்மணியோடு வாழப் போனார். அவரும் காது கேளாதவர். நான் அப்பா முன்னால் நின்று, ‘எனக்கு அப்பா இல்லை’ என்று கையால் சொன்னேன். அந்தச் சொல்லை எவ்வளவு பெரிதாகக் காட்ட முடியுமோ அவ்வளவு பெரிதாக. ஆறு வருடம் ஆகிறது. தினமும் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கையைக் கொடுக்கிறேன், அவருக்கு ஒரு வார்த்தை இல்லை. சின்னவளும் அப்படித்தான் இருக்கிறாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கேட்டதில்லை.

“அவர் தினமும் உன்னை விசாரிப்பாரு” என்றாள். “நீயும் அவரை விசாரிச்சேன்னு நான் தினமும் பொய் சொல்லுவேன்.”

பிறகு உள்ளே போய்க் கடை விளம்பரத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைக் குழலாகச் சுருட்டி என் கண்ணில் வைத்தாள். “இது வழியா என் கையைப் பாரு.” விரல் நுனி தெரிந்தது, மணிக்கட்டு தெரிந்தது, முழுக் கை தெரியவில்லை. அவள் பின்னால் நகர்ந்து, கைகளை நெஞ்சுக்கு நேரே குறுக்கினாள். அப்போது தெரிந்தது.

“அப்பாவுக்கு இப்ப இவ்வளவுதான் தெரியுது. சுத்தி இருட்டு. வருஷா வருஷம் குறையும், திரும்பாதுன்னு சொல்லிட்டாங்க. மூணு மணிக்குத்தான் அவர் ஜன்னல்ல நல்ல வெளிச்சம்.”

இரண்டு நாள். நான் போட்ட தடை இரண்டு நாள். அவருக்கு இருக்கிற மூன்று மணிகள் எண்ணி மாளாதவையா?

மார்ச் 17, திங்கள்

மேற்பார்வையாளர் அம்மாவிடம் கோளாறு சரியானதைச் சொல்லிவிட்டு, சின்னவளைப் பற்றி எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். தேடிப் பார்த்துச் சொன்னார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய படிவம். ‘குடும்பத்தில் சைகை அறிந்தோர்: அப்பா, அம்மா, தங்கை.’ என் கையெழுத்து.

மார்ச் 21, வெள்ளி

ஒரு துண்டிப்பும் இல்லை. ஆறாவது நாள். காலையிலும் பார்த்தேன்.

சின்னவள் என்னோடு பேசுகிறாள். உப்பு எங்கே, சாவி எங்கே அளவுக்கு.

மார்ச் 24, திங்கள்

மூன்று மணிக்கு அவள் கதவைச் சாத்தவில்லை. நடையில் நின்றேன். உள்ளே போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மார்ச் 28, வெள்ளி

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதிரே வந்து உட்கார்ந்தாள். “உன் கை இன்னும் பெரிசாப் போகுது. தோளைத் தாண்டாத” என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும், நான் கண்ணாடி முன் பழகுவது? என்னைப் போலத்தான், ஒளிந்து பார்த்திருப்பாள்.

ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். பதினோரு வருட அனுபவக்காரி நான், பாப்பா மாதிரித் திருத்தம் வாங்கினேன். நடுவில் ஒருமுறை சிரித்துவிட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று சின்னவளுக்குக் கடையில் மதிய முறை. கிளம்பும்போது, “மூணு மணிக்கு அவர் காத்துட்டிருப்பாரு” என்றாள். அலுவலகத்தில் மூன்றிலிருந்து நாலு வரை அழைப்பு வேண்டாமென்று எழுதிக்கொடுத்தேன்.

அழைத்தேன். அப்பா திரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து பார்த்தார். முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. ‘சின்னவள் எங்கே?’ என்றார். கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். ‘சாப்பிட்டாயா?’ என்றார். சாப்பிட்டேன் என்றேன். ஆறு வருடம் அந்த இரண்டு கேள்விகளுக்குள் எப்படி அடங்கியதென்று தெரியவில்லை, அடங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க நான்கு வரி தயார் செய்துவைத்திருந்தேன். முதல் வரி முடிவதற்குள், ‘நடுவுக்கு வா, நீ பாதிதான் தெரிகிறாய்’ என்றார். நாற்காலியை நகர்த்தினேன். மீதி மூன்று வரிகளையும் அவர் முழுக்கப் பார்த்தார்.

ஐம்பத்திரண்டு நிமிடம். ஒருமுறையும் அறுந்துபோகவில்லை.

கடைசியில் அந்தப் பெண்மணி ஒரு டம்ளரோடு அவர் பின்னால் வந்து, என்னைக் கண்டதும் சட்டென்று விலகப் பார்த்தார். இருக்கச் சொன்னேன். எங்கள் ஆட்களில் ஒவ்வொருவருக்கும் சைகையில் ஒரு பெயர் உண்டு. இவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். அச்சகத்தில் அவர் புத்தகம் தைக்கிறவராக இருந்தாராம். அப்பா இரண்டு விரலைக் குவித்து, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி இழுத்துக் காட்டினார்.

எனக்குச் சரியாக வரவில்லை. அந்த அம்மாவே கையை நீட்டி, மெதுவாக இன்னொரு முறை காட்டினார்.